மாமி கொண்டுவந்த இரும்பு

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் நகரில் நாங்கள் முதலில் குடியிருந்த தொடர்மாடி வீட்டின் பல்கனிக் கதவு ஒருநாளும் சொல்வழி கேட்டதில்லை. திறந்துவிட்டால் காற்று அதைக் கொண்டுபோய்ச் சுவரில் அடிக்கும். சாத்திவிட்டால் தானாகத் திறந்துகொள்ளும். அப்பா முறைப்பாடு செய்து, ஆள் வந்து பார்த்து, காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனதுதான் மிச்சம். கடைசியில் அந்தக் கதவை அடக்கியது மாமி ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்பு. முழங்கை நீளமான ஒரு கம்பி. பிடிக்கிற பக்கத்தில் மரப்பிடி இருந்திருக்க வேண்டும். அது எப்போதோ கழன்றுவிட்டது. மறுமுனையில் தட்டையாக அடித்து வளைத்த ஒரு பிறை, பிறையின் நடுவில் ஒரு குமிழ். கதவின் கீழே அதைக் கொடுத்துவிட்டால் அந்த யூலண்ட் பகுதியின் எந்தக் காற்றுக்கும் கதவு அசையாது. நாங்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் உடுப்புக் காயப்போடப் போனோம். இப்போது அது என் மேசையில் கிடக்கிறது. இதை எழுத உட்கார்ந்தவுடனேயே எனக்குக் கோபம் வருகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த இரும்பு எங்கள் குடும்பத்தின் பகிடி. பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் என்று எங்கே கூடினாலும், சாப்பாடு முடிந்து ஆண்கள் கதிரையில் சாய்ந்தவுடன் பெரியப்பா தொடங்குவார். "எல்லாப் பொம்பிளையளும் ஊரிலையிருந்து பொன்னைக் கொண்டு வந்தினம். எங்கடை அக்கா மட்டும் இரும்பைக் கொண்டு வந்தவ." எல்லாரும் சிரிப்போம். மாமியும் அங்கேதான் இருப்பார். சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். எழும்பிப் போய்ப் பாத்திரங்களை ஒதுக்கத் தொடங்குவார். மாமி என்றால் என் அப்பாவின் மூத்த சகோதரி. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவருக்கும் அக்கா. கலியாணம் கட்டி ஒரு வருசம் முடிவதற்குள் கணவரைக் காட்டுக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டுத் தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். பிள்ளை இல்லை. நாங்கள் டென்மார்க் வந்து சில வருடங்களுக்குப் பிறகு அகதியாகத் தனியே வந்து சேர்ந்தார். கையில் ஒரு பயணப்பை. அதற்குள் சில சேலைகள், ஒரு பித்தளைச் செம்பு, சேலைக்குள் சுற்றிய இந்த இரும்பு. "ஒண்டுமில்லாமல் வந்தவ" என்று பெரியவர்கள் சொல்வார்கள். "நாங்கள்தானே பாக்க வேணும்" என்றும் கூடவே சொல்வார்கள்.

அதே கூட்டங்களில் பகிடி முடிந்ததும் வரலாறு வரும். எங்கள் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு துண்டுத் தோட்டத்தை நம்பிச் சீவிக்க முடியாமல், வன்னியில் ஒரு குளத்தின் கீழே காடு வெட்டிக் கமம் செய்ய அரசாங்கம் ஆட்களைக் கூப்பிட்டபோது குடும்பத்தோடு போனவர். ஒரு கோடாலி, ஒரு காட்டுக்கத்தி. பகலில் மரத்தோடு மல்லுக்கட்டு, இரவில் யானையோடு. பரணில் படுத்த கதை, கரடி துரத்திய கதை, வீடு முழுக்கக் காய்ச்சலில் கிடந்த கதை. பிறகு மெல்ல மெல்ல வயல் வந்தது, மாடு வந்தது, மாடு பெருகிப் பட்டி வந்தது. பட்டியைத் திறந்துவிட்டால் கடைசி மாடு வெளியே வருவதற்குள் முதல் மாடு குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்குமாம். பிரச்சினைகள் தொடங்கிய காலத்தில் அந்தப் பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத்தான் ஆண்பிள்ளைகள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக வெளிநாட்டுக்குப் புறப்பட்டார்கள். "அப்பான்ரை பட்டி இல்லாட்டி நாங்கள் டென்மார்க்கைப் படத்திலைதான் பாத்திருப்பம்" என்று சொல்லும்போது என் அப்பாவின் குரல் தழுதழுக்கும். இந்தக் கதையில் மாமி இல்லை. இருந்தாலும் எங்கேயோ பின்னால் சோறு காய்ச்சிக்கொண்டிருப்பார்.

இரும்பு எதற்கு என்று ஒருமுறை நான் மாமியிடம் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் தொடங்கிய வயது. வெளியே நல்ல பனி கொட்டியிருந்தது. மாமி செருப்புக்குள் இரண்டு சோடி காலுறையைப் போட்டுக்கொண்டு, கதவுக்குக் கீழே கிடந்த இரும்பை உருவி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். தொடர்மாடிக்கு முன்னால் இருந்த புல்வெளியில் ஒரு காலடிகூட விழாத பனி. மாமி குனிந்து இரும்பை அதில் பதித்து எடுத்தார். பிறையும் புள்ளியும் அச்சாக விழுந்தன. இன்னொன்று, இன்னொன்று என்று புல்வெளியின் விளிம்பு வரை போனார். "மாட்டுக்குக் குறி சுடுறது பிள்ளை. கன நேரம் அமத்தக்கூடாது, தோல் வெந்துபோம். சும்மா தொட்டால் மயிர்தான் கருகும். ஒரு மூச்சு விடுற நேரம், அவ்வளவுதான்" என்றார். பிறகு நிமிர்ந்து நின்று, "குறி சுட்ட மாடு எந்தக் காட்டுக்குள்ளை போனாலும் திரும்பி வரும். வராட்டியும் ஆற்றை மாடெண்டு காணுறவைக்குத் தெரியும்" என்றார். மாமி அவ்வளவு வசனங்களைச் சேர்த்துப் பேசி நான் கேட்டது குறைவு. மேலே பல்கனிக் கதவு சுவரில் அடிக்கிற சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் ஓடி வந்தோம்.

மாமியை நான் தெய்வப்பிறவி ஆக்க வரவில்லை. அவரோடு ஒரு வீட்டில் இருப்பது லேசான காரியமில்லை. சூடாக்கியைக் கூட்டி வைத்தால் குறைப்பார், குறைத்தால் கூட்டுவார். பேருந்தில் போகும்போது வயலில் நிற்கும் டென்மார்க் மாடுகளைப் பார்த்து வாய்விட்டு விமர்சிப்பார். அவற்றின் காதில் தொங்கும் மஞ்சள் இலக்கத் துண்டுகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. "இதென்ன காதிலை துண்டு? பிய்ச்சு எறிஞ்சால் ஆற்றை மாடு?" என்று பேருந்து முழுக்கக் கேட்கச் சொல்வார், நாங்கள் பிள்ளைகள் வேறு யாரோ போல யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். விடியற்காலையில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அவர் பொறுப்பு. பெரியப்பாவின் மகன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், மீசை அரும்பிய பிறகும் மாமி குழைத்துக் கையில் வைத்தால்தான் சோறு சாப்பிடுவார். இதை நான் வேண்டுமென்றுதான் இங்கே எழுதுகிறேன்.

மாமி சில வருடங்களுக்கு முன் காலமானார். பெரியப்பாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். சித்தப்பா மட்டும் டொரொண்டோவில் இருக்கிறார். மாமியின் வீட்டை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் அண்ணை அருகிலிருக்கும் பிராண்டே நகரிலிருந்து காரின் பின்னால் இழுவைப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார். "செத்தவையின்ரை சாமானை வைச்சிருக்கக்கூடாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னம் எல்லாம் வெளிக்கிடோணும்" என்றார். முதலில் அவர் தூக்கிப் பெட்டிக்குள் போட்டது இந்த இரும்பைத்தான். சேலைகளுக்கு முன்னம், கட்டிலுக்கு முன்னம். அப்போது அது எனக்குப் புதினமாகப் படவில்லை. பித்தளைச் செம்பை மட்டும் அண்ணையின் மனைவி, என் மச்சாள், தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பித்தளைக்குச் சாவுத் துடக்கில்லையாம். இரும்புக்கு மட்டும் துடக்காம். நான் இழுவைப் பெட்டிக்குள் ஏறி இரும்பை எடுத்து என் காரில் வைத்தேன். "உது என்னத்துக்கு உனக்கு?" என்று அண்ணை கேட்டார். "கதவுக்கு" என்றேன்.

அதன் பிறகு அண்ணைக்குக் குடும்ப வரலாறு எழுதும் ஆசை பிடித்தது. அவர் பிராண்டேயில் காற்றாலைத் தொழிலில் பொறியியலாளர். எதையும் படம் கீறி, பகுதி பிரித்து, ஆளுக்கொரு வேலை கொடுத்துத்தான் செய்வார். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் டெனிஷ், நடுவில் மடித்து விரிக்கிற பெரிய குடும்ப மரம். எனக்குக் கிடைத்தது பொருட்களின் பகுதி. அப்பப்பாவின் கமத்திலிருந்து யார் யாரிடம் என்னென்ன மிஞ்சியிருக்கிறதோ அதையெல்லாம் படம் எடுத்து, எது யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று இரண்டு வரி எழுத வேண்டும். சின்ன வேலைதானே என்று தலையைக் கொடுத்தேன். பட்டபாடு எனக்குத்தான் தெரியும். ஓலை வாருகிற ஒரு சத்தகக் கத்திக்கு மூன்று வீட்டார் சொந்தம் கொண்டாடினார்கள். ஒருவர் படம் அனுப்பினார், அது கொழும்பில் வாங்கியது என்று அவருடைய தங்கை அடுத்த நிமிடமே எழுதினார். ஒருவரைக் கேட்டால் "உதெல்லாம் இப்ப என்னத்துக்கு?" இன்னொருவரைக் கேட்டால் "நான் சொன்னதெண்டு சொல்லாதை" என்று தொடங்கி ஒன்றுமே சொல்லாமல் முடிப்பார். பேசாத வாய்களும் பொருந்தாத பதில்களுமாக ஒரு கோடைகாலம் முழுவதும் போனது.

இரும்பு விசயமாக நான் சித்தப்பாவுக்கே தொலைபேசி எடுத்தேன். அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான்.

"சித்தப்பா, மாமி கொண்டுவந்த குறிக்கம்பி அப்பப்பான்ரையோ?"

"இல்லைப் பிள்ளை. அப்பாவுக்குக் குறியெண்டு ஒண்டும் இருக்கேல்லை."

"அப்ப பெரியப்பான்ரையோ?"

"இல்லை."

"எங்கடை அப்பான்ரையோ?"

"இல்லையில்லை."

"உங்கடையோ?"

"எனக்கு மாடெண்டாலே பயம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, தனக்கு முழங்கால் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்திருக்கிற கதைக்குப் போய்விட்டார்.

அண்ணையிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அப்ப விடு. பிறத்தியாரின்ரை கம்பி. வழியிலை எங்கையாவது கிடந்து எடுத்திருப்பா. பிறத்தியாரின்ரை குறிக்கம்பி ஒரு வீட்டிலை இருந்தால் வன்னியிலை என்ன சொல்லுவாங்கள் தெரியுமோ? மாட்டுக்கள்ளர் எண்டு சொல்லுவாங்கள். உதைப் புத்தகத்திலை போட்டு எங்களை நாறடிக்காதை." நீங்கள் அங்கே வளர்ந்தவர்தானே, உங்களுக்கு ஞாபகம் இல்லையா என்று கேட்டேன். "நான் சின்னப்பிள்ளை. மாடு கீடு ஒண்டும் ஞாபகமில்லை" என்றார். அவர் அங்கே அரைக் காற்சட்டையோடு பள்ளிக்கூடம் போனவர். நான்தான் கைக்குழந்தையாக வெளிக்கிட்டவள். ஆனாலும் நம்பினேன். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் அவர்மேல் இல்லை. ஒண்டுமில்லாமல் வந்தவ என்று இத்தனை காலம் சொல்லிவிட்டு, இப்போது அந்த ஒன்றுமில்லாதவரைக் கள்ளியும் ஆக்கிவிட்டுப் போகிறார்களே என்றுதான் எரிச்சல். மாமிக்குப் பிள்ளை இல்லை. அவருக்காகச் சண்டை பிடிக்க வேறு ஆளும் இல்லை.

நான் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்கிற டெனிஷ் பெண் ஒருத்தியின் பெற்றோருக்குக் கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே ஒரு பழைய பண்ணை இருந்தது. ஒன்றும் விளையாத மணல் நிலம், கண்ணுக்கெட்டிய தூரம் ஊதாப் பூப் புதர். அதை அவளுடைய பாட்டனின் பாட்டன் மண்வெட்டியும் எருதுமாக வந்து கொத்திப் பண்ணை ஆக்கினாராம். அந்த முன்னோரைப் பற்றி அவள் பேசும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். யார் எப்போது பிறந்தார், எந்தக் குளிர்காலத்தில் எத்தனை ஆடு செத்தது என்று எல்லாம் எங்கோ எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் தேநீர் ஆறுவதற்குள் தேடி எடுத்துவிடுவாள். நான் உயிரோடு இருக்கிற சித்தப்பாவிடமிருந்து ஒரு கம்பியின் சொந்தக்காரரைப் பிடுங்க முடியாமல் அலைகிறேன். அவளுடைய தாய் இறந்து, அண்ணன்மாரும் அவளுமாகப் பண்ணைச் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, உனக்கும் பழைய சாமான்தானே வேலை, வந்து பார் என்று கூப்பிட்டாள்.

போனேன். வீடு முழுக்க ஒவ்வொரு பொருளின் மேலும் ஒரு சின்ன வட்டத் தாள் ஒட்டியிருந்தது. பெரிய அண்ணனுக்குச் சிவப்பு, சின்ன அண்ணனுக்குப் பச்சை, இவளுக்கு மஞ்சள். கதிரை, கடிகாரம், கோப்பை, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் நிறம் இருந்தது. கொட்டிலின் மூலையில் நீலம் பூசிய பெரிய மரப்பெட்டி ஒன்றுக்கு மட்டும் ஒரு நிறமும் இல்லை. அதன் முன்பக்கத்தில் வெள்ளையில் சில எழுத்துகள் தீட்டியிருந்தன. ஏன் இதற்கு ஒட்டவில்லை, யாருக்கும் வேண்டாமா என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "இதை ஏன் ஒட்ட வேண்டும்? இது பெண்கள் வழியில் வருவது. அந்த எழுத்து முதல் வந்தவளுடைய பெயர். கலியாணத்துக்கு அவளுடைய அப்பா தீட்டிக் கொடுத்தது. இந்தப் பெட்டியும் ஒரு பசுவும் கொண்டுதான் அவள் இந்த மணலுக்கு வந்தாள். பண்ணை அவனுடையது. பெட்டியும் பசுவும் அவளுடையவை. அண்ணன்மார் வாயே திறக்க மாட்டார்கள்" என்றாள்.

கோப்பியை அப்படியே வைத்துவிட்டுக் காரில் ஏறினேன். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. அந்த நீளமான கேள்வி வரிசையில் அப்பப்பா, பெரியப்பா, அப்பா, சித்தப்பா என்று ஊரில் உள்ள ஆம்பிளைகள் எல்லாரையும் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆட்களில் யார் கேட்டிருந்தாலும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள். மாடும் வயலும் என்றால் வாய் தானாக ஆம்பிளைகளின் பக்கம் போகிறது. சீதனம் என்றால் நகை, வீடு, வளவு என்றுதான் கண்முன் வருகிறது. எங்கள் மாமிக்கும் சீதனம் என்று ஒன்று இருந்திருக்கும், அது புல் தின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே பிராண்டேக்குப் போனேன். அண்ணை வேலையில். மச்சாள் கதவைத் திறந்து, என்ன சொல்லாமல் கொள்ளாமல் என்று கேட்பதற்குள் விறாந்தை அலுமாரிக்குப் போய்விட்டேன். மாமியின் செம்பு அங்கே பிளாஸ்ரிக் பூவோடு நின்றது. அது மாமியின் சீதனச் செம்பு என்பது எல்லாருக்கும் தெரியும். சீதனத்தில் மிஞ்சினது இதுதான் என்று அதையும் வைத்துப் பகிடி பண்ணியிருக்கிறார்கள். பூவை நிலத்தில் கொட்டிவிட்டுச் செம்பைக் கவிழ்த்தேன். "அதென்ன செய்யிறீர்?" என்று மச்சாள் பதறினார். கலியாணவீட்டுக்கு இரவல் கொடுக்கிற பாத்திரம் மாறிப் போகாமலிருக்க ஊரில் அடியில் அடையாளம் வெட்டி வைப்பார்கள். மாமியின் செம்பின் அடியிலும் புள்ளி புள்ளியாகப் பொளிந்த ஒரு அடையாளம் இருந்தது. ஒரு பிறை. அதன் நடுவில் ஒரு குழி.

அங்கே நின்றபடியே சித்தப்பாவுக்கு எடுத்தேன். டொரொண்டோவில் விடிந்திருக்குமோ இல்லையோ என்றுகூட நான் பார்க்கவில்லை.

"சித்தப்பா, மாடு ஆற்றை?"

"அக்கான்ரை."

அவ்வளவு சுலபமாக வந்தது. "அக்காவுக்கு அம்மா சீதனமாக் குடுத்த பசுவளிலை பெருகினதுதானே பட்டி முழுக்க. அப்பாட்டை எங்கை மாடு? ஊருக்கே தெரியுமே."

"அப்ப நான் முந்திக் கேக்கேக்கை ஏன் சொல்லேல்லை?"

"நீ அப்பான்ரையோ, அண்ணான்ரையோ எண்டுதானே கேட்டனி. அக்காவைக் கேக்கேல்லையே."

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அவர் தொடர்ந்தார். இந்த முறை முழங்காலைப் பற்றிப் பேசவில்லை. "பெரியண்ணை வெளிக்கிடேக்கை கொஞ்சம் வித்தது. பிறகு உன்ரை அப்பா. பிறகு நான். ஒவ்வொருக்காலும் அக்காதான் பட்டிக்குள்ளை போய், எது போகோணும் எண்டு பாத்து அவிட்டுக் குடுத்தவ. நான் வெளிக்கிட்டதோடை பட்டி வெறுமை. கடைசியா வாங்க வந்தவன் கம்பியையும் தா எண்டு கேட்டவன். அதை மட்டும் குடுக்கமாட்டன் எண்டிட்டா." பிறகு, "நாங்களும் பிறகு கூப்பிட்டனாங்கள்தானே அவவை" என்றார். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு அண்ணை வேலை முடிந்து வரும் வரை இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டார். கடைசியில், "புத்தகம் அச்சுக்குப் போகப் போகுது" என்றார். இரண்டு வரி மாற்ற எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டேன். "ரெண்டு வரியோ? அப்பப்பாவின்ரை பட்டி எண்டு ஒரு அதிகாரமே கிடக்கு. இனி என்னெண்டு எழுதச் சொல்லுறாய்? மூண்டு ஆம்பிளையள் ஒரு விதவையின்ரை சீதனத்தை வித்து வெளிநாடு வந்தவங்கள் எண்டோ? இங்கை பிறந்த பிள்ளையள் அதை டெனிஷிலை வாசிக்கோணுமோ?" என்றார்.

"அண்ணை, அப்பிடித்தானே வந்தவை?"

"மாமியே ஒருநாளும் சொல்லேல்லை. அவ சொல்லாததை நீ ஏன் சொல்லுறாய்?"

மாமிமேல் எனக்குள்ள கோபமும் இதுதான். பெரியப்பா பகிடி விட்ட அத்தனை கலியாணவீடுகளில் ஒரே ஒரு கலியாணவீட்டில், கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, நீ ஏறி வந்த பிளேன் என்ரை பசு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? சொல்லவில்லை. பதிலாக இரும்பைக் கொண்டுவந்து எல்லாரும் தாண்டிப் போகிற வாசலில் போட்டார். போட்டுவிட்டு, யாராவது கண்டுபிடிப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாரா, அல்லது உண்மையிலேயே கதவுக்குத்தான் போட்டாரா? இதைக் கேட்க இப்போது ஆள் இல்லை. அப்பாவின் பட்டி என்று என் அப்பா தழுதழுத்த குரலை நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. அவருக்கு உண்மை தெரியும். சொல்லிச் சொல்லி, கடைசியில் தான் சொன்னதையே அவர் நம்பியிருக்க வேண்டும்.

புத்தகம் வந்தது. பிராண்டேயில் ஒரு மண்டபம் எடுத்து, மங்கள விளக்கேற்றி, மைக் வைத்து வெளியிட்டார்கள். எங்கள் நெருங்கிய வீடுகளுக்கு மட்டும் அசல் தோலில் கட்டிய பிரதிகள், பழுப்பு நிறத்தில், கையில் எடுத்தால் கனக்கும். நான் என் பகுதியைத் தேடினேன். செம்பின் படம் இருந்தது, பிளாஸ்ரிக் பூவோடு. இரும்பு இல்லை. அப்பப்பாவின் பட்டி என்ற அதிகாரம் ஒரு எழுத்தும் மாறாமல் இருந்தது. மடித்து விரிக்கிற மரத்தில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகக் கிளை விட்ட மூன்று தம்பிமாருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம். மாமியின் பெயர். கீழே, சந்ததியில்லை. மேடையில் அண்ணை பேசும்போது என்னையும் பெயர் சொல்லி நன்றி கூறினார். கைதட்டினார்கள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் இறைச்சி வாட்டுகிற கரியடுப்பை மூட்டினேன். என்ன, இந்தக் காற்றுக்குள்ளே இறைச்சியா என்று கணவர் எட்டிப் பார்த்தார். இரும்பைக் கண்டதும் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். பிறை சிவக்கும் வரை காத்திருந்தேன். பழைய துணியால் வெறும் கம்பியைச் சுற்றிப் பிடித்து, புத்தகத்தை மேசையில் வைத்து, அட்டையின் நடுவில் அமத்தினேன். சீ என்று ஒரு சத்தம், மூக்கை அறுக்கிற தோல் நாற்றம், கண்ணுக்குள் புகை. மூச்சு விட்டு எடுக்க வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. ஆனால் கோபத்தில் அந்த மூச்சை நான் விடவேயில்லை போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து அண்ணை தோட்டத்துப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் மண்டபத்தில் மிஞ்சிய ரோல்ஸ். சாப்பிடாமல் போனனீ என்று சமாதானம் பேச வந்திருக்கிறார். புகையைப் பார்த்தார். இரும்பைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்து, "உனக்கென்ன விசரே?" என்று கத்தினார். நான் அசையவில்லை. இரண்டு பேரும் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி ஏதாவது சொல்லிக்கொள்ளப் போகிறோம் என்று கணவர் குழாயையும் மறந்து நின்றார். அண்ணை கிட்ட வந்தார். ரோல்ஸ் பையை மேசையில் வைத்தார். சூடு ஆறாத அந்தக் குறியின் விளிம்பைப் பெருவிரலால் மெல்லத் தடவினார். கருகல் விரலில் ஒட்டியது.

"கனக்க அமத்திப்போட்டாய்" என்றார். "மாமி இப்பிடிச் சுடமாட்டா. அவ சுட்டால் விளிம்பு கருகாது."

சொல்லிவிட்டுத்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாடு கீடு ஒண்டும் ஞாபகமில்லை என்று சொன்ன அண்ணை, பட்டிக்குள் மாமி குனிந்து நின்று குறி சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அன்றைக்கு இரும்பை இழுவைப் பெட்டிக்குள் முதலில் எறிந்ததும் அதனால்தான். விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, வாறன் என்று கணவருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கார் புறப்படக் கன நேரம் எடுத்தது. எனக்குக் கோபம் ஆறவில்லை. இன்னும் ஆறவில்லை.

இரும்பு ஆறியதும் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வேலைக்கு ஓடுகிற நேரம் போக அது இப்போது எங்கள் முன்வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது. இதை எழுதுவதற்காகத்தான் மேசைக்கு எடுத்துவந்தேன். எழுதி முடிந்ததும் திரும்ப அங்கேயே வைப்பேன். அண்ணை திரும்பி வரும்போது அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.